அலையில்லாத ஏரி

முதலில் எடை கேட்பாள் ஃபெடோரா,
எல்லார் முன்னாலும், சத்தமாக.
பத்துப் பவுண்டு குறைத்துச் சொன்னேன்.
தராசைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

தொடைவரை ரப்பர் பூட்ஸ். பிறகு பனிமூட்டம்.
கோடியாக் துறையில் மூன்று மணி நேரம்,
ஆறிப்போன காப்பி.
மிதவைக்குள் கசிந்த நீரைக்
கைப்பம்பால் இறைத்தபடி சொன்னாள்:
"கரடி வரும் என்று நான் சொல்லவில்லை.
சால்மன் வந்திருக்கிறது. அவ்வளவுதான்."

பறந்ததில் பாதி நேரம்
கண்ணை மூடியிருந்தேன்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

கரடி வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள்.
மீனின் தோலையும் சினையையும் மட்டும் தின்று
மிச்சத்தைக் கடற்காகங்களுக்கு விட்டது.
எங்களையும் பார்த்தது,
வெட்டிய அடிமரங்களைப் பார்ப்பதுபோல.
கேமராவின் மூடியை நான் கழற்றவே இல்லை.

கிளம்பும்போது ஏரி கண்ணாடி.
நல்லதுதானே என்றேன்.
"அசையாத தண்ணீர்தான் விடாது."
ஒரு வட்டமடித்தாள், இன்னொன்று,
விமானமே கிளப்பிய அலைகளின் குறுக்கே
விரட்டினாள்.

வலது மிதவை முதலில் கழன்றது.
இடது
கொஞ்சம் யோசித்தது.