பிளெத்தோரா

ஆங்கில நாளிதழில் அடிக்கடி வரும்:
திட்டங்களின் பிளெத்தோரா,
தள்ளுபடிகளின் பிளெத்தோரா.
‘ஏராளம்’ என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அர்த்தநாரி வரத் தொடங்கிய பிறகு
ஓர் இரவுப் பணியில் அகராதியைத் திறந்தேன்.
கிரேக்கத்தில் நிறைவு. அவ்வளவுதான்.
பிறகு வைத்தியர்கள் கையில் நோயாகிவிட்டது,
உடம்பில் ரத்தம் கூடிப்போகும் நோய்.
அட்டை விட்டிருக்கிறார்கள், நாளத்தைக் கீறியிருக்கிறார்கள்.
நாளிதழுக்கு அது வந்தது வெகு பின்னால்,
கையைக் கழுவிக்கொண்டு.

லீ பஜாரில் மூட்டை தூக்குபவர்.
பெயரில் பாதி; ஹீமோகுளோபின் இருபது.
எந்நேரமும் வெயிலில் நின்றாற்போல் முகம்.
“குளிச்சா ஒடம்பெல்லாம் அரிக்குதுங்க.
மஞ்ச மூட்டையாலனு நெனச்சேன்.”

மாதம் ஒருமுறை நான்தான் ஊசி குத்துவேன்.
முந்நூற்றைம்பது மில்லி.
தட்டில் ஆடி ஆடிப் பை கனக்கிறது.
கெட்டி ரத்தம், அதற்கு அவசரமில்லை.
எடை போடும்போது மட்டும்
மண்டிக்காரர் கண்ணோடு பார்ப்பார்.

இன்று ஜன்னலருகே ஒரு பெண்,
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்,
கைப்பேசியில் யார் யாரிடமோ
ஓ பாசிட்டிவ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் அதானே? இதக் குடுத்துருங்க.”
“கூடாதுங்க. நோய் ரத்தம்.”
மஞ்சள் தொட்டியில் விழுந்தது பை.
சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது.

தமிழில் மிகைக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள்,
அகராதியில் எங்கோ கீழே.

பஞ்சை அழுத்தியபடி எழுந்தவர்
அவளைக் கடக்கும் முன்
மடித்த சட்டைக் கையை
மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.