படிக்கல்

கடலூர் முதுநகர் ஏலக்கூடத்தில்
விடிய ஒரு மணி நேரம் இருக்கையில் பெட்டியைத் திறப்பேன்.
வெல்வெட்டுக் குழிகளில் பித்தளைக் கற்கள்,
ஐந்து கிலோவிலிருந்து ஒரு கிராம் வரை.
சின்னவற்றை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.
விரலின் எண்ணெய்கூட எடையில் பொய் சொல்லும்.

எடையளவு ஆய்வாளர் இருதயமேரி
என்று அட்டையில் இருக்கிறது.
இங்கே எல்லோருக்கும் நான் கல்லு மேடம்.

போன ஞாயிறு பூசை முடிந்து
ஃபாதர் ஒரு கப்பல்காரன் கதை சொன்னார்.
திருச்சபை இளசாய் இருந்த காலம்.
கருங்கடல் பக்கமிருந்து ரோமாபுரி வந்து
சபைக்கு அள்ளிக் கொடுத்தவன்
பிறகொரு நாள் சொன்னானாம்:
உலகத்தைப் படைத்தவர் வேறு,
அவர் கணக்குப் பார்க்கிறவர், கோபக்காரர்.
இயேசுவின் தந்தை வேறு,
அவர் வெறும் நல்லவர்.
கொசுவும் புயலும் அவர் கைவேலை இல்லை.
சபை அவன் பணத்தை எண்ணி
அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டதாம்.

சிரித்தார்கள்.
எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

சோனாங்குப்பத்தில் என் அக்கா மகள் பெனித்தா
கிறிஸ்துமஸ் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று
மறுநாள் காலையும் அதோடு
கரையில் நின்றிருந்தாள்.
கரை என்று ஒன்றை வைத்தவர்
அன்றைக்கு எங்கே போனார்?
இத்தனை வருஷமாய் எனக்கும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்,
திட்ட ஒருவர்,
மெழுகுவர்த்தி ஏற்ற ஒருவர்.

செவ்வாய்க்கிழமை வியாபாரி ரெஜிஸின்
ஐந்து கிலோக் கல்லைத் தட்டில் வைத்தேன்.
என் கல் மேலே போனது.
புரட்டினேன். அடியில் புதுசாய் ஊற்றிய ஈயம்.
இருநூறு கிராம்.
ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கை மத்தி
அம்சவேணியின் கூடையிலிருந்து
சத்தமில்லாமல் அவர் பக்கம் போயிருக்கிறது.

"நீங்க நல்லவங்க மேடம், இந்த ஒரு தடவை விடுங்க."

அம்சவேணி ஒன்றும் பேசவில்லை.
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு
என் முகத்தையே பார்த்தாள்.

யாருக்கு நல்லவள்?
இவள் பார்க்கையில் நான் வெறும் நல்லவளாய் இருந்தால்
அதற்குப் பெயர் என்ன?
கல்லைப் பறிமுதல் செய்தேன்.
கை நடுங்கியது. கோபம்தான்.
அந்தக் கோபத்தில் அவள் மேல் எனக்கிருந்த பிரியத்தைத்
தனியாய்ப் பிரித்து நிறுக்க
என் பெட்டியில் கல் இல்லை.

அப்போதுதான் கப்பல்காரன் கையை விட்டேன்.
அவன் சொல்லும் நல்லவரிடம்
பெனித்தாவைப் பற்றி நான் என்ன கேட்க முடியும்?
"கடல் என்னுடையது இல்லையம்மா" என்பார்.
கடலுக்குரியவரோ காது கொடுக்க மாட்டார்.
என் மனு இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில்
அலைந்தே செல்லரித்துப் போகும்.
ஒருவர்தான் என்றால்
செய்தவரும் அவரே, அழுகிறவரும் அவரே,
பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.
வாசலில் உட்கார்ந்துகொள்ளலாம்.
உட்கார்ந்திருக்கிறேன்.
தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள்.
நின்று கேட்குமா என்று
யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் அம்சவேணி
ஒரு கத்தாழை மீனை நீட்டினாள்.
காசு கொடுத்துத்தான் வாங்கினேன், முணுமுணுத்தாள்.
குழம்புக்குத் தலையைப் பிளந்தபோது
உள்ளே இரண்டு வெள்ளைக் கற்கள்,
பக்கத்துக்கு ஒன்று,
மேல் எது கீழ் எது என்று மீனுக்குச் சொல்ல.
இருட்டுத் தண்ணீருக்குள்
யாரும் பார்க்காத மண்டைக்குள்
யாரோ படிக்கல் வைத்திருக்கிறார்.

கழுவி, துடைத்து,
மறுநாள் அலுவலகத் தராசில் இரண்டையும் நிறுத்தேன்.
சமமில்லை.
மில்லிகிராம் கணக்கில் ஒன்று குறைந்தது.
எழுதி வைக்கப் பேனாவைத் திறந்தேன்,
தேதி போட்டேன்,
அதற்குமேல் ஓடவில்லை.

அந்த மீன் நேராய்த்தான் நீந்தியிருக்க வேண்டும்.