நிகர எடை

காங்கேயம் ரோட்டில்
எடைமேடைக் கண்ணாடி அறைக்குள் என் வேலை.
காலி லாரி ஒருமுறை ஏறும்,
கொப்பரை நிரப்பிக்கொண்டு இன்னொருமுறை.
கழித்து வருவதை அடித்துக் கொடுப்பேன்.
சண்டை வந்தால் மறுபடி ஏற்றுவேன்.

வியாழக்கிழமைகளில்
கோயமுத்தூரில் நானும் ஒரு மேடையில் ஏறுகிறேன்,
முதுகைக் காட்டிக்கொண்டு.
எண் எனக்குத் தெரியக் கூடாது.
எழுதிக்கொள்ளும் மரகதம் சிஸ்டரின் முகத்தை
எதிர் சன்னலில் படிக்கப் பார்ப்பேன்.
போன வாரம் அதைக் கண்டுபிடித்துத்
திரையை இழுத்துவிட்டார்.

இந்தப் பக்கம் யாரும் வணக்கம் சொல்வதில்லை.
"சாப்ட்டாச்சுங்களா?"
மூன்று வருடம்
"ஆச்சுங்க" என்ற பொய்யிலேயே
காலம் தள்ளியிருக்கிறேன்.
சீர் வீட்டில் பெரியம்மா கன்னத்தைத் தொட்டு,
"இப்பத்தான் கண்ணு சதை போட்டிருக்கறே" என்றார்.
பிரியமாகத்தான்.
அந்த ஒரு சொல்லை நான்கு நாள்
முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நேற்று வெள்ளகோவில் வண்டி.
காலியாகத்தான் வந்தது,
ஆனால் எப்போதையும்விடக் கூடுதலாகக் காட்டியது.
போனில் ஓனர் கத்துகிறார்,
உன் மிஷின் பொய், நீ பொய்.
டிரைவர் சென்னியப்பன் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.
"மழைங்க அம்மிணி. தார்ப்பாய்ல நின்ன தண்ணி."
சரித்துவிட்டார்.
தண்ணீர் மேடைமேலேயே விழுந்ததால்
எண் அப்போதும் இறங்கவில்லை.
அது வழிந்தோடும்வரை
இரண்டு பேரும் சும்மா நின்றிருந்தோம்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தேன்.
தம்பி தரணி வைத்த அரிசிம்பருப்பு,
பூண்டு உரிக்கத் தெரியாமல் தோலோடு போட்டிருந்தான்.
இப்போதெல்லாம் வீட்டில் நான் சாப்பிடுகையில்
அவன் எதிரே உட்கார்ந்து எண்ணுவதில்லை,
செல்போனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்.
நெய்யை ஒதுக்கப் போனேன்.
அது எப்போதோ சோற்றுக்குள் போய்விட்டிருந்தது.
பாதியில் கொஞ்சம் அழுகை வந்தது.
பிறகு, நம்பமாட்டீர்கள்,
பசித்தது.
தோன்றுவதை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
ஒரு பழைய ரசீதின் முதுகில்
பசித்தது என்று எழுதினேன்,
எவ்வளவு என்று எழுதவில்லை.

அடுத்த வண்டிக்குக் கிழித்த சீட்டில்
என் விரல் எண்ணெயாகப் பதிந்துவிட்டது.
கிளீனர் பையன் மோந்து பார்த்து,
"அரிசிம்பருப்புங்களாக்கா?"
ஆமாம் என்றேன்.
டப்பாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது.
அதை அவனிடம் தள்ளிவிடுவதுதான் என் வழக்கம்.
நேற்று மூடியைப் போட்டு
என் பக்கமாக
நகர்த்தி வைத்தேன்.