கழிவு போக

ஜூன் மாதம் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தொரு பேர்.
எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.
ஆடியில் மூவர் கழன்றார்கள்,
செமஸ்டரில் பதினொருவர்,
ஒருத்திக்குக் கல்யாணம்,
ஒருவருக்கு ஓசூரில் வேலை.
மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை,
நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.
கௌண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதென்று
குடியாத்தமே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த வாரம்
என்னிடம் மிச்சமிருந்தது நாலு பேர்.

மாலை வகுப்புக்கு வேண்டியவை:
ஒரு அறை. ஒரு டியூப் லைட்.
கரண்ட் பில் யார் கட்டுவார் என்று கேட்காத தலைமையாசிரியை
(கேட்டார். நான் கட்டுகிறேன்.)
சாவி, அதை வைத்திருக்கும் ஏகாம்பரம்,
ஏகாம்பரம் டீ குடிக்கப் போகாத ஒரு ஐந்தரை மணி.

தணிகைவேல் அந்த நாலு பேரில் ஒருவன்.
பகலில் பைக் ஷோரூமில் நிற்பவன்,
டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வருவான்.
அன்றைக்கு அவன் பலகையில் எழுதியது
ஆயிரம் கழித்தல் ஐம்பத்தெட்டு.
மூன்று பூஜ்ஜியத்தையும் அடித்து,
பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு என்று கடன் கேட்டு
அவனே வழி தவறி நின்றபோது
கடைசி வரிசையில் தில்ஷாத்,
ஆறாம் வகுப்பு, பலகையைப் பார்க்காமலே:

"முப்பத்தேழு கட்டு, மேல பதினேழு."

எந்தக் கட்டு என்றான்.
"பீடி சார். கட்டுக்கு இருபத்தஞ்சு.
எங்கம்மா ஆயிரம் சுத்தும், ஏஜெண்டு ஐம்பத்தெட்டைக் கழிச்சிட்டாரு,
இலை ஓட்டைன்னு. நேத்து."

தணிகைவேல் விரல் விட்டு எண்ணினான்.
தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. சரிதான்.
நான் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுக் கைதட்டினேன்.
தட்டியிருக்க வேண்டாம்.
அவள் பைக்குள்ளிருந்து எண்ணெய்க்கறை படிந்த பாஸ்புக்கை எடுத்து
நேற்றைய தேதியில் விரல் வைத்தாள்.
தொள்ளாயிரம் என்று இருந்தது. ஏஜெண்டின் அழகான கையெழுத்து.

"அப்போ மீதி நாப்பத்திரண்டு
எந்தக் கழித்தல்ல சார் வருது?
இருக்கா இன்னும் நடத்தலியா?"

அந்தப் பாடம் எங்கள் கையேட்டில் இல்லை.
தணிகைவேல் சாக்பீஸை
ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.
ஒரு பையன் கொசு அடித்தான்.

மறுநாள் அவள் வரவில்லை, அம்மா வந்தார்.
மடியில் இன்னும் புகையிலைத் தூள்.
வாசற்படியிலேயே நின்றுகொண்டு,
"கணக்கு சொல்லிக் குடுங்க மேடம், வேணாங்கல.
கேக்கறதுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க.
இலை நிறுத்திட்டான்னா
நீங்களா குடுப்பீங்க?"
கோபமாகச் சொல்லவில்லை.
பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று
சொல்வதைப்போலச் சொன்னார்.

என்னிடம் பதில் இருந்ததா என்று கேட்காதீர்கள்.
தண்ணீர் குடிக்கிறீர்களா என்றேன்.
நேரமில்லை என்று போய்விட்டார்.

அன்று இரவு மாத அறிக்கை.
வேலூர் அலுவலகத்துக்கு, நாலு கட்டம் போட்ட தாள்.
தன்னார்வலர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஜூலையிலிருந்து முப்பது என்றே எழுதி வருகிறேன்.
முப்பத்தொன்று என்றுகூட இல்லை.
ரவுண்டாக இருந்தால் யாரும் கேட்பதில்லை,
நிதியும் தவறாமல் வருகிறது.
என் கையெழுத்தும் அழகானதுதான்,
பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

பேனாவை மூடி மூடித் திறந்தேன்.
மூன்று நாள் அந்தத் தாள் ஃபிரிட்ஜின்மேல் கிடந்தது.
பிறகு நாலு என்று எழுதி அனுப்பினேன்.

தில்ஷாத் திங்கட்கிழமை வந்தாள்.
பாஸ்புக் கொண்டுவரவில்லை.
பின்னம் ஆரம்பித்தோம், அவளுக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை அலுவலகத்திலிருந்து போன்:
"மேடம், நாலுக்குப் பின்னாடி
ஒரு சைபர் விட்டுப்போச்சு போல இருக்கே?
நாங்களே போட்டுக்கட்டுமா?"

மணி ஐந்தரை.
பூட்டிய கதவுக்கு முன்னால் பதினாறு செருப்பு.
ஏகாம்பரம் டீக்கடையில்.
போனைக் காதில் வைத்தபடியே
அவரைத் தேடி நடந்துகொண்டிருந்தேன்.