கால்நடை மருத்துவமனை, சீர்காழி

மேசைக்குப் பின்சுவரில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் நான்கு பறவைகள்.
செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட
ஏதோ பழைய படத்தின் நகல்.
எனக்கு முன்னிருந்த டாக்டர் விட்டுப்போனது.
நெருப்புக்கோழி, ஈமு, தலையில் கொம்பு வைத்த ஒன்று.
நாலாவதின் பெயரைக் கறை தின்றுவிட்டது.

கழிச்சல் கண்ட வாத்தைச் சாக்கில் சுற்றி
கொள்ளிடக் கரையிலிருந்து வந்த மாசிலாமணி
மருந்தை விட்டுப் படத்தையே பார்த்தார்.
"பெரிசு என்னா எடை வரும்?"
நூறு கிலோ என்றேன்.
"முட்டை?"
இரண்டு கைகளாலும் காட்டினேன்.
"பறக்குமா?"
பறக்காது.
"நம்முளுதும்தான் பறக்காது"
என்று சாக்கைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு எழுந்து கிட்டே போய்
விரல்களை எண்ணினார்.
"ரெண்டே வெரலு. சவ்வும் இல்ல.
அறுத்த வயல்ல எறக்குனா
முட்டி வரைக்கும் பொதைஞ்சிடுமே டாக்டரம்மா."

வரைந்தவன் காலடியில் கல்லும் புல்லும்தான் போட்டிருந்தான்.
போன கார்த்திகையில்
தரையில் சாய்ந்து கிடந்த சட்டத்துக்குள் வெள்ளம் ஏறி
பழுப்பாய் ஒரு கோடு விட்டுப்போனது.
சரியாக முட்டி உயரம்.

வாசலில் செருப்பைத் தேடியபடி,
என்னிடமா அவற்றிடமா தெரியவில்லை,
"வடிஞ்சிரும்" என்றார்.