மறுகா

நியமனக் கடிதத்தில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர்.
பிள்ளைகளுக்கு லைப்ரரி டீச்சர்.
அதிபருக்கு, "சாவி வச்சிருக்கிற அந்தப் பிள்ளை."

எண்ணூற்றுப் பன்னிரண்டு புத்தகம்.
நாளுக்கு நாலு பேர் வருவார்கள்,
அதில் இரண்டு பேர் மின்விசிறிக்கு.

வலயத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள்.
ஒரு நிமிட வீடியோ எடுங்கள்,
புத்தகத்தின் வாயைத் திறந்து காட்டுங்கள்,
வயிற்றைக் காட்டாதீர்கள் என்றார்கள்.
மத்தியானம் கோழிப் புரியாணி. அதையும் சொல்ல வேண்டும்.

வந்து,
அகராதி இரண்டு தொகுதியை நெருக்கி வைத்து
இடையில் போனைச் செருகினேன்.
மூன்று வருசத்தில் அந்த அகராதிக்குக் கிடைத்த
முதல் வேலை.

இலக்கம் பார்த்து இறாக்கையில் தேடுவது எப்படி
என்பது முதல் வீடியோ.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் பறவைகள் இருக்கும் என்றேன்.
எட்டுத் தடவை பார்க்கப்பட்டது.
ஐந்து தடவை நான்.

இரண்டாவது, அட்டை போன ஒரு கதைப்புத்தகம்.
அட்டையோடு பெயரும் போய்விட்டது.
ஏழாம் ஆண்டு துவாரணி எங்கோ விரித்து வாசித்தாள்:
"கப்பல் சமையல்காரன் உப்புப் பீப்பாவைத் திறந்தான்.
உள்ளே யாரோ தும்மினார்கள்."
டப்பென்று மூடினாள்.
நல்ல இடத்தில் நிறுத்தினாய் என்று
தோளில் தட்டினேன்.

வகுப்புக் குழுக்களில், அம்மாமாரின் போன்களில்
அந்தத் தும்மல் ஊரெல்லாம் போனது.
திங்கட்கிழமை மணி அடிக்க முதல்
நூலக வாசலில் செருப்புக் குவியல்.
பதிவேட்டில் இருபத்தாறு பெயர்.
புத்தகம் ஒன்று.

முதலில் கொண்டுபோனவன் ருக்சாந்.
மறுநாள் மேசையில் வைத்து,
"தொண்ணூற்றிநாலாம் பக்கத்தோட சரி, டீச்சர்.
மறுகா?"

புரட்டினேன். கறையான்.
பின்னட்டையால் நுழைந்து
முடிவிலிருந்து கதைக்குள் வந்திருக்கிறது.
இந்தப் பாடசாலையில் என்னைவிட
ஒழுங்காக வாசித்திருக்கிறது.
துவாரணியைப் பார்த்தேன்.
"நான் நிப்பாட்டல்ல டீச்சர்," என்றாள்.
"அதுக்கு அங்கால ஒண்டுமில்ல."

வயிற்றைக் காட்டாதே என்றார்கள்.
வயிறே இல்லாத ஒன்றுக்கு
நான் விளம்பரம் செய்திருக்கிறேன்,
வாசித்துப் பார்க்காமல்.

வரிசை கலைந்துவிடும் என்று நினைத்தேன்.
ஒருவரும் பெயரை வெட்டவில்லை.
ஆளுக்கொரு இரவு கொண்டுபோய்
ஆளுக்கொரு காலை என் மேசைக்கு வந்து
மறுகா, மறுகா என்று நின்றார்கள்.
ஒன்பதாவது பிள்ளைக்கு
அகராதிகளின் நடுவே போனை நிறுத்தி
"நீயே சொல்லு" என்றேன்.

உள்ளே இருந்தது சமையல்காரனின் தம்பி,
கூலி குறைத்ததால் ஒளிந்தவன், என்றான் ருக்சாந்.
ஆடு, என்றாள் ஜெனோஜிதா;
"ஆடும் தும்மும், எங்கட ஊட்ட வந்து பாருங்க."
கப்பலுக்கே தடிமன் என்றான் ஒருவன்,
நாற்பது வருசம் தண்ணிக்குள்ள நிண்டா வராதா?

வினுகாந் ஒரு நிமிடம் முழுக்க
கமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
ஒரு சொல் இல்லை.
"அழிக்கட்டா?"
"வேணாம் டீச்சர்.
அவன் இன்னும் பீப்பாக்குள்ளதான் இரிக்கான்."

பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை.
மண்டூர்த் துறையில் பாதை ஏறி
நடு வாவிக்கு வந்தால் மூன்று கோடு வரும்.
மாலையில் அங்குதான் ஒவ்வொன்றாய் ஏற்றுவேன்.

வினுகாந்துடையதை ஓடவிட்டுப் பார்த்தபோது
பால் கான் வைத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.
கடைசி விநாடி வரை பார்த்தார்.
"சத்தம் வரல்லியே புள்ள?"
பீப்பாக்குள் ஆள் இருக்கிறது என்றேன்.
அவர் கானைக் கீழே வைத்தார்.
"சரி. மறுகா?"

குருமண்வெளிக் கரை தட்டியது.
சைக்கிள்கள் இறங்கின, அவரும் இறங்கினார்
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.
நாற்பது வீதம்தான் ஏறியிருந்தது.
வீடு எழுவான்கரையில், பத்து நிமிட நடை.
நான் இறங்கவில்லை.
பாதை
மறுபடியும் படுவான்கரைக்குப் புறப்பட்டது.