முதல் அரைமணி

மழை பிடித்த முதல் அரைமணிக்குள்
தண்ணீர் எடுத்தாக வேண்டும்.
அதற்காக மூன்று நாள்
புத்தூர் லாட்ஜில் மேகம் பார்த்துக் கிடந்தேன்,
காலி பாட்டில்களோடு.

நேற்று மூன்றேகாலுக்கு இறங்கியது.
விமான நிலைய வேலிக்கு வெளியே
மூன்றாம் எண் குழாய்வாயில்
முழங்கால் நனைய நின்றேன்.
கோடை முழுக்க
பேருந்தும் இழுவை வண்டியும் விமானமும்
அழுத்தி அழுத்தி நின்ற இடமெல்லாம்
உதிர்ந்து கிடந்த பிரேக் தூள்
வந்துகொண்டிருந்தது.
கலங்கல்தான். ஆனால் அது மண்.
நான் தேடி வந்ததற்கு நிறமில்லை.

நாலு சொட்டு நைட்ரிக் அமிலம்.
மூடி. எண். நேரம்.

குடையோடு வந்த காவலாளி ஓபுளேசு
ஏமுந்தி நீள்ளல்லோ என்றார்.
ராகி என்றேன்.
அவர் மொழியில் அது செம்பு.
திருத்தணிக்காரி எனக்கு
சொல்லும்போதே வாயில் கூழ் மணத்தது.
ராகி செம்பு நீள்ளு மஞ்சிவே கதா மேடம்,
சிரித்தார்.
அவருக்குச் செம்பு என்றால் சொம்பு.
ராத்திரி ஊற்றி வைத்து
விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கிறாராம்.
நானும்தான் குடிக்கிறேன்.
என்ன பதில் சொல்ல.

மழை விட்டதும்
கால்வாய் நக்கலவங்கையில் சேரும் இடம்வரை
இறங்கிப் போனேன்.
கெண்டைக் குஞ்சுகள், ஒரு கை அள்ளலாம்.
ஒன்றின் தோல் கிழிந்தால் போதும்,
அந்த வாசம் பட்டு
மற்றதெல்லாம் மூலைக்கொன்றாய்ச் சிதறும்.
அந்த ஒரு பயத்தில்தான்
இத்தனை மழைக்காலம் தாண்டி வந்திருக்கிறது கூட்டம்.

மடையான் ஒன்றைக் கொத்தியது.
மீதி அங்கேயே
அதன் காலடியில் பாசி மேய்ந்துகொண்டிருந்தன.
மடையானே கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது.
பிறகு இன்னொன்று.
பிறகு, அவசரமே இல்லாமல், இன்னொன்று.

இன்று முடிவு வந்தது.
லிட்டருக்குப் பதினாலு மைக்ரோகிராம்.
படிவத்தில் ஒரே கட்டம்தான்:
குடிநீர் வரம்புக்குள் உள்ளதா?
உள்ளது.
ஆமாம், நமக்கு உள்ளது.
மீனுக்கு மூக்கு உண்டு என்று எழுத
ஓரத்தில்கூட இடம் விடவில்லை,
பின்பக்கம் எழுதினேன்.
பின்பக்கத்தை ஸ்கேன் செய்ய மாட்டார்கள்.

கொடியில் நேற்றைய சட்டை இன்னும் காயவில்லை.
எடுத்து முகர்ந்தேன்.
புதுமழை மண்.
சரியாகத்தான் வருகிறதா என்று
இன்னொரு முறை முகர்ந்தேன்.